அத்தியாயம் 4: ஒரு வகுப்பு, ஒரு போன்

இந்த அத்தியாயத்தைப் படிக்கும் முன் உங்கள் வகுப்பில் ஒரு சின்னக் கணக்கெடுப்பு நடத்திவிடுங்கள். இரண்டே கேள்வி. முதலாவது: "யார் வீட்ல ஸ்மார்ட்போன் இருக்கு?" அநேகமாக எல்லாக் கையும் உயரும். கையை இறக்கவிடாமல் இரண்டாவதையும் கேளுங்கள்: "ஸ்கூல் விட்டு நீங்க வீட்டுக்குப் போறப்ப அந்த போன் வீட்ல இருக்குமா?"

பெரம்பூரில், பேப்பர் மில்ஸ் ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள பள்ளியில், ஏழாம் வகுப்பில் இதைக் கேட்டேன். முதல் கேள்விக்கு 42 கை. இரண்டாவதுக்கு 9. "எங்கப்பா எத்துனு பூடுவாரு மிஸ்" என்றான் முன் பெஞ்சுக்காரன். அப்பா கேரேஜ் ஒர்க்ஸில் ஒப்பந்த ஆள்; காலை ஷிப்ட் என்றால் பிள்ளை கண் விழிக்கும் முன்பே போன் கிளம்பிவிடும். இன்னொரு பெண்ணின் அண்ணன் சாப்பாடு டெலிவரி செய்கிறவர். போன் இல்லாவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சம்பாத்தியமே இல்லை. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, லோகோ ஒர்க்ஸ், துறைமுகம், எண்ணூர் என்று ஷிப்ட் கணக்கில் ஓடும் வீடுகளில் போனும் வேலைக்குப் போகிற பொருள்தான். ராத்திரி களைத்துப்போய், சார்ஜ் இல்லாமல் வீடு திரும்பும்.

ஆசிரியர்களுக்கான இணையக் கருவிகள் என்று நமக்கு வாட்ஸ்அப்பில் வந்து விழும் பட்டியல்கள் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காதவர்கள் எழுதியவை. 2020 மார்ச்சில் பள்ளி மூடி, ஒன்று முதல் எட்டு வரை 2021 நவம்பர் 1 அன்று திறக்கும்வரை நாம் நடத்திய ஆன்லைன் வகுப்பை நினைத்துப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் பாடம் எடுத்தோம். "பார்த்துட்டேன் மிஸ்" என்ற பதில் ராத்திரி பத்துக்கு வந்தது. 2019 ஆகஸ்டிலேயே கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டிருந்தது நம் அதிர்ஷ்டம். டிவி யாரோடும் வேலைக்குப் போவதில்லை.

அதனால் இந்தப் புத்தகத்தில் வரும் கருவிகளுக்கு நான் வைத்திருக்கும் நுழைவுத் தேர்வு எளிது. வகுப்பில் ஒரே ஒரு போன், அதுவும் உங்களுடையது, இருந்தால் அது வேலை செய்ய வேண்டும். கூடவே, பிள்ளைக்கு எது புரியவில்லை என்று இன்றைக்கே காட்ட வேண்டும். அல்லது உங்கள் வேலையில் அரை மணி நேரமாவது குறைக்க வேண்டும். இரண்டும் செய்யாத செயலி எவ்வளவு அழகாக இருந்தாலும் அழித்துவிடுகிறேன். போனில் இடமும் மிச்சம். (அரசு கொடுத்த டேப்லெட் வைத்திருக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், போன் என்று வரும் இடத்திலெல்லாம் டேப்லெட் என்று படித்துக்கொள்ளலாம்.)

அட்டை தூக்கும் வகுப்பு

ஒரே ஒரு கருவியைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் பிளிக்கர்ஸைக் கற்றுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில், கலிபோர்னியாவில், நோலன் ஏமி என்ற கணித ஆசிரியர் தன் வகுப்பறைக்காக யோசித்தது. மாணவர் கையில் ஒரு காகித அட்டை, ஆசிரியர் கையில் ஒரு போன். அவ்வளவுதான்.

அட்டையில் கறுப்புக் கட்டங்களாலான ஒரு கோல வடிவம் இருக்கும். கியூஆர் கோடு மாதிரி, ஆனால் பெரிய கட்டங்கள். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு எண், ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவம். நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். விடை பி என்று நினைக்கிற பிள்ளை, பி மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிப்பாள். நீங்கள் முன்னால் நின்று போன் கேமராவை வகுப்பின் மேல் மெல்ல ஓட்டினால், யார் என்ன விடை சொன்னார்கள் என்று போனில் விழுந்துவிடும். எழுத்து பொடியாக இருப்பதால் பக்கத்து பெஞ்சுக்காரனுக்குத் தெரியாது. வடிவமும் ஆளுக்கு ஒன்றாக இருப்பதால் பார்த்து அடிக்கவும் வழியில்லை.

தொடங்குவது இப்படி. பிளிக்கர்ஸ் தளத்தில் இலவசக் கணக்கு திறந்து, வகுப்பு ஒன்றை உருவாக்குங்கள். பிள்ளைகளின் பெயரைப் போட வேண்டாம். வருகைப் பதிவேட்டு எண்ணைப் போடுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதே எண்ணுள்ள அட்டை அந்தப் பிள்ளைக்கு. வழக்கமான தொகுப்பில் 40 அட்டை. நம் வகுப்புகளுக்கு அது போதாது. 63 அட்டையுள்ள பெரிய தொகுப்பும் அங்கேயே இருக்கிறது. பிடிஎஃப்பை இறக்கி ஜெராக்ஸ் கடையில் அச்செடுங்கள்.

கடைக்காரர் "லேமினேட் பண்ணிடலாமா மிஸ்?" என்பார். வேண்டாம். நான் ஒருமுறை தலையாட்டிவிட்டு 42 அட்டைக்கும் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் ட்யூப்லைட் வெளிச்சம் அந்தப் பளபளப்பில் பட்டுத் தெறித்து, ஜன்னல் ஓர வரிசை முழுக்க போன் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அச்செடுத்த தாளைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையிலோ நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையிலோ ஒட்டுங்கள். செலவில்லாதது, மினுக்காது, இரண்டு வருஷம் தாங்கும். பிடிக்கும் முறையையும் முதல் நாளே பழக்க வேண்டும்: ஓரத்தில் மட்டும் விரல், கோலத்தின் மேல் படக்கூடாது, முகத்துக்கு முன்னால் தூக்காமல் நெஞ்சுக்கு நேராக. இந்தப் பழக்கத்துக்கே ஒரு பீரியட் போகும். போகட்டும்.

புரொஜெக்டர் கட்டாயமில்லை. கேள்வியைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி நாலு விடையையும் எழுதிவிட்டு, போனில் சரியான எழுத்தை மட்டும் குறித்து வைத்தால் போதும். இணையம் வேண்டும்தான், ஆனால் வீடியோ ஓட்டுகிற மாதிரி டேட்டாவை விழுங்காது.

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பின்னங்களின் கூட்டல் மூன்று நாள் நடத்தியிருந்தேன். ஒவ்வொரு நாளும் கடைசியில் "புரிஞ்சுதா?" என்பேன், "புரிஞ்சுது மிஸ்" என்று கோரஸ். நான்காம் நாள் பலகையில் 2/3 + 1/4 என்று எழுதி, கீழே நாலு விடை: ஏ 3/7, பி 11/12, சி 3/12, டி 2/12. அட்டையைத் தூக்கச் சொல்லிவிட்டு போனை ஓட்டினேன். சரியான விடையான 11/12-க்கு 14 பேர். 3/7-க்கு 19. 3/12-க்கு 7. 2/12-க்கு இரண்டு பேர். மூன்று நாள் கோரஸ் பாடிய வகுப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். சரியான விடையைச் சொல்லிவிடத் துடிக்கும். சொல்லாதீர்கள். "பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட உன் விடை ஏன் சரின்னு சொல்லு, ரெண்டு நிமிஷம்" என்று விட்டுவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990-களில் பிரபலமாக்கிய முறை இது. அவருக்கும் இதே பிரச்சினைதான்: நன்றாகப் பாடம் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவர், எளிய கேள்வி கேட்டபோது மாணவர்கள் தடுமாறுவதைப் பார்த்தார். எங்கள் வகுப்பில் இரண்டாவது ஸ்கேனில் 14 பேர் 25 ஆனார்கள். ஆனால் ஒரு பெஞ்சு மொத்தமும் 3/7-க்கு மாறிவிட்டது. அங்கே வாய் உள்ள பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன் பேச்சில் மூன்று பேர் சரியான விடையை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். எந்த பெஞ்சில் நான் போய் நிற்க வேண்டும் என்று போன் காட்டிக் கொடுத்தது.

இலவசக் கணக்கில் ஒரு தொகுப்புக்கு ஐந்து கேள்விதான் போடலாம். குறையாக நினைக்க வேண்டாம். ஒரு பீரியடுக்கு மூன்று கேள்வியே அதிகம்.

விடையைக் கேட்காதீர்கள், தப்பைக் கேளுங்கள்

மேலே உள்ள நாலு விடையை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு தப்புக்கும் ஒரு காரணம் இருக்கிறது. 3/7 என்பவள் மேலும் கீழும் நேராகக் கூட்டியவள். 3/12 என்பவன் பொதுப் பகுதியைக் கண்டுபிடித்துவிட்டான், தொகுதியை மாற்ற மறந்தான். அவனுக்கு இரண்டு நிமிஷ உதவி போதும். 2/12 பெருக்கிவிட்டவர்கள். இப்படி அமைந்தால்தான் ஸ்கேன் செய்ததற்குப் பலன். சும்மா ஏதோ எண்களைப் போட்டு நிரப்பினால் யார் தவறு என்று மட்டும் தெரியும், என்ன தவறு என்று தெரியாது.

இந்தத் தப்பான விடைகளைத் தயாரிக்கத்தான் நான் ஏஐ செயலிகளைப் பயன்படுத்துகிறேன். ஜெமினி, சாட்ஜிபிடி எதுவானாலும் சரி. நம் ஆட்கள் பெரும்பாலும் "இந்தப் பாடத்துக்குப் பத்து ஒரு மதிப்பெண் வினா தா" என்று கேட்கிறார்கள். வருவது எந்த கைடிலும் இருக்கும் சரக்கு. நான் கேட்பது வேறு: "ஏழாம் வகுப்பு மாணவர்கள் முழுக்களைக் கழிக்கும்போது வழக்கமாக என்னென்ன தவறு செய்வார்கள்? −5 − (−3) என்ற கணக்கில் ஒவ்வொரு தவறுக்கும் என்ன விடை வரும்?" இப்படிக் கேட்டால் −8, 8, 2 என்று காரணத்தோடு வரும். −8 எழுதியவள் நடுவில் உள்ள இரண்டு கழித்தல் குறிகளை ஒன்றாக விழுங்கியவள். 8 எழுதியவன் "மைனஸும் மைனஸும் சேர்ந்தா பிளஸ்" என்ற மந்திரத்தைக் கண்ட இடத்திலெல்லாம் போடுகிறவன். அவனை உங்கள் வகுப்பில் உங்களுக்குத் தெரியும்.

இன்னொரு நல்ல உபயோகம், ஒரே பத்தியை மூன்று படியில் எழுதி வாங்குவது. எண்ணும் எழுத்தும் பயிற்சிக்குப் போனவர்களுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவு கைவந்தது. "இந்தப் பத்தியை எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு, மூன்று சொல்லுக்கு மேல் இல்லாத வாக்கியங்களில் எழுது" என்று கட்டளையைத் துல்லியமாகக் கொடுங்கள். வந்ததை நீங்கள் வாசித்துத் திருத்தாமல் பிள்ளையிடம் கொடுக்கவே கூடாது. ஏஐ எழுதும் தமிழில் சந்தி தாறுமாறாக வரும். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி பிழைதிருத்தியில் ஒருமுறை போட்டு எடுத்தால் பாதித் தப்பு தெரிந்துவிடும். ஆண்டு, பெயர் விஷயத்தில் இன்னும் கவனம். நம்ம ஏரியாவைப் பற்றிய ஒரு வாசிப்புப் பத்தி கேட்டபோது, ஐ.சி.எஃப். திறந்த வருஷத்தைத் தவறாகவும் தயக்கமே இல்லாமலும் எழுதித் தந்தது ஒரு செயலி. 1955 அக்டோபர் 2 அன்று நேரு வந்து திறந்துவைத்ததை, மூன்று தலைமுறையாக அங்கே வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து திருத்தினாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஒரு தொழில்நுட்பத் தலைவலியை இங்கேயே தீர்த்துவிடலாம். உங்களிடம் பத்து வருஷ வினாத்தாள் சேமிப்பு இருக்கும். அதில் பாதி வானவில், பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் இருக்கும். பிளிக்கர்ஸிலோ கூகுள் ஃபார்மிலோ அதை வெட்டி ஒட்டினால் பூச்சி பூச்சியாக ஆங்கில எழுத்து வரும். டி.டி.பி. கடையில் போய் "ஃபாண்ட் இல்ல மிஸ்" என்று கேட்டுத் திரும்பிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு. தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டாயிற்று. என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் போட்டு எல்லாக் கோப்பையும் ஒரே மூச்சில் யூனிகோடாக்கிவிடுங்கள். மே மாத விடுமுறையில் இரண்டு நாள் வேலை. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள்; கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறியிருக்கும். புதிதாகத் தட்டச்சு பழகுகிறவர்களுக்கு என் சிபாரிசு தமிழ்99 விசைப்பலகை. அதற்கும் பொறுமையில்லாவிட்டால் அடுத்த பகுதி உங்களுக்காக.

காது கொடுக்கும் போன்

ஆண்ட்ராய்டு போனில் கூகுள் விசைப்பலகையில் ஒரு மைக் படம் இருக்கிறது. மொழியைத் தமிழாக்கி அதைத் தொட்டுப் பேசினால் தட்டச்சாகிவிடும். 2017-லிருந்து தமிழுக்கு இந்த வசதி உண்டு. பாடக்குறிப்பு எழுத, சுற்றறிக்கைக்குப் பதில் எழுத நான் இதைத்தான் நம்பியிருக்கிறேன். ஆனால் இதற்கு இன்னொரு பயன் இருப்பதைத் தற்செயலாகத்தான் கண்டுகொண்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் போனிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒருத்தி வந்தாள். வாசிப்பில் பின்தங்கியவள். "நான் சொன்னா எழுதுமா மிஸ்?" என்றாள். சொல்லிப் பார் என்றேன். "பயம்" என்று எழுதியது. "இல்ல மிஸ், நான் பயம்தான் சொன்னேன்" என்றாள். பழம் என்றுதான் அவள் நினைத்துச் சொன்னாள். வாயப்பயம், மய, கீய என்று பேசுகிற தெருவில் பிறந்த பிள்ளை. நாக்கை மடித்து மறுபடி சொன்னாள். மூன்றாவது தடவை திரையில் "பழம்" விழுந்தது. மணி அடிக்கும்வரை அவள் வாழை, மழை, கிழமை, புழல் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பத்து தடவை திருத்தினால் முகம் சுருங்கும் பிள்ளை, போன் தப்பாக எழுதினால் சிரித்துவிட்டு இன்னொரு தடவை சொல்கிறாள்.

இதைச் செய்யும்போது இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். தனிச்சொல்லாகச் சொல்ல வையுங்கள். முழு வாக்கியமாகச் சொன்னால் போன் முன்பின் பார்த்து ஊகித்து, தப்பாகச் சொன்னதையும் சரியாக எழுதிவிடும். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாமல் போகும். இன்னொன்று, வீட்டுப் பேச்சைக் கேலி செய்ய இது கருவியாகிவிடக்கூடாது. "வீட்ல பயம்னு சொல்லு, புத்தகத்தைப் படிக்கிறப்ப பழம்னு படி" என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுவேன். வாயப்பயம் என்று சொல்லித்தான் இந்த ஊரில் பழம் விற்றுக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

வாசிப்புப் பயிற்சிக்கே தனியாக ரீட் அலாங் என்ற கூகுள் செயலியும் உண்டு. இல்லம் தேடிக் கல்வி மையங்களில் 2022 ஜூன் தொடக்கத்தில் வாசிப்பு மாரத்தான் நடத்தியது இதை வைத்துத்தான். நல்ல செயலி, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரு போன் என்பதால் என் நுழைவுத் தேர்வில் பாதி மார்க்தான். கதை தேவைப்பட்டால் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவருக்குப் போங்கள். வாசிப்புப் படி வாரியாகப் பிரித்த தமிழ்க் கதைகள், உரிமக் கவலை இல்லாமல் இறக்கி அச்செடுக்கலாம்.

மழைக்கு முன் இறக்கி வையுங்கள்

2018-ல் வந்த புதிய பாடநூல்களிலிருந்து பாடத்தோடு கியூஆர் கோடு கட்டம் இருக்கிறது. திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்தின் வீடியோ, பயிற்சிகள் வரும். ஆறு முதல் மேல்வகுப்பு வரை மணற்கேணி செயலியும் கருத்துவாரியாக வீடியோ தருகிறது. இவை எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, அல்லது தெரிந்தும் செய்யாதது, முன்கூட்டியே இறக்கி வைப்பது. வகுப்பில் நின்றுகொண்டு ஸ்கேன் செய்து, வட்டம் சுற்றுவதை 42 பேர் பார்த்துக்கொண்டிருப்பதைப் போல அவமானம் வேறில்லை. முதல் நாள் ராத்திரி வீட்டில் ஸ்கேன் செய்து, முழுக்கப் பார்த்து, இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிஷ வீடியோவில் உங்களுக்கு வேண்டியது ஒன்றரை நிமிஷம்தான் இருக்கும். அது எங்கே தொடங்குகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அறிவியலுக்கு ஃபெட் என்ற கணினிப் பரிசோதனைத் தொகுப்பு இருக்கிறது. இயற்பியலுக்காக 2001-ல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், அடுத்த வருஷம் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கணினியில் ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே இல்லாமல் ஓடும். சில பரிசோதனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. மின்சுற்று அமைக்கும் ஃபெட்டைத் திரையில் காட்டி, ஒரு பையனைக் கூப்பிட்டு பேட்டரி, ஒயர், பல்பை மவுஸால் இழுத்து இணைக்கச் சொன்னேன். இணைத்தான். பல்பு எரிந்தது. நீல உருண்டைகளாக எலக்ட்ரான்கள் ஒயருக்குள் ஓடத் தொடங்கின. பின்னாலிருந்து ஒரு குரல்: "மிஸ், நியூட்ரல் எங்க?" அப்பா ரயில் பெட்டிகளுக்கு ஒயரிங் செய்கிற ஆள், சனிக்கிழமை கூடப் போய் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கிறவன் இவன். பேட்டரியின் இரண்டு முனைக்கும், வீட்டு லைனின் ஃபேஸ், நியூட்ரலுக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்குவதிலேயே அந்த பீரியட் போயிற்று. பாடத்திட்டப்படி அன்றைக்கு முடிக்க வேண்டியதை முடிக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்படவும் இல்லை.

கணிதத்துக்கு ஜியோஜீப்ராவும் அப்படியே இறக்கி வைக்கத்தக்கது. ஹைடெக் லேப் இருந்தும் இணையம் தகராறு செய்யும் பள்ளிகளுக்குக் கிவிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவை மொத்தமாக ஒரு கோப்பாகக் கொண்டுவந்து கணினியில் போட்டுவிடலாம்.

இதையெல்லாம் செப்டம்பருக்குள் முடியுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்புகிற கதை உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீரும் வடியவில்லை, கரண்டும் வரவில்லை. மழை விடுமுறையில் நான் பிள்ளைகளுக்கு வீடியோ அனுப்புவதில்லை. ரீசார்ஜ் செய்ய வழியில்லாத நாளில் வீடியோ அனுப்புவது கொடுமை. ஒரு நிமிஷக் குரல் பதிவு போதும்.

அம்மாவின் போனுக்கு

குரல் பதிவு பெற்றோருக்கும்தான். எழுதி அனுப்பினால் படிக்கத் தயங்குகிறவர்கள் கேட்டுவிடுவார்கள், அதுவும் பஸ்ஸில் வந்துகொண்டே. நான் கடைப்பிடிக்கும் அளவு: நாற்பது வினாடி, ஒரே ஒரு விஷயம், ராத்திரி எட்டு மணிக்கு மேல். "வணக்கம்மா, ஏழாம் வகுப்பு மிஸ் பேசறேன். இந்த வாரம் பின்னம் நடக்குது. இன்னிக்கு ராத்திரி இட்லியோ தோசையோ எதுவோ, சரிசமமா மூணாப் பிரிக்கச் சொல்லுங்க, அது போதும்." நீளமாகப் பேசினால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். நானாக இருந்தாலும் நிறுத்திவிடுவேன்.

குரூப் வேண்டாம். குரூப்பில் எல்லா அம்மாக்களின் நம்பரும் எல்லோருக்கும் தெரியும். ஏதோ ஒரு ராத்திரி முன்பின் தெரியாத யாரோ மெசேஜ் அனுப்பினால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள். 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவருக்கொருவர் நம்பர் தெரியாது. ஒரே நிபந்தனை, உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். பெற்றோர் கூட்டத்தன்று வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் சேமிக்க வைத்துவிடுவது நல்லது. இந்தி மட்டும் பேசும் பெற்றோர் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கப் பள்ளிகளுக்கு வருகிறார்கள். கூகுள் டிரான்ஸ்லேட்டில் மேஜை மேல் போனை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பேசலாம். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினால் நன்றாகவே வருகிறது. நம் வழக்கப்படி "அதாவது என்னன்னா" என்று இழுத்தால் அதுவும் குழம்பிவிடும்.

முதலில் பதிவேட்டு எண் போடச் சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான்: 2023-ன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. வெளிநாட்டுத் தளத்தில் 23 என்ற எண் யாரென்று உங்கள் பதிவேட்டுக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஏஐயிடம் பிள்ளையின் பெயர், ஜாதி, நோய், வீட்டுப் பிரச்சினை எதையும் எழுதாதீர்கள். மார்க் பட்டியலைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்புவதையும் விட்டுவிடலாம்.

மற்றவை பற்றி ஓரிரு வரி. கஹூட் குதூகலமாக இருக்கும், ஆளுக்கு ஒரு கருவி இருந்தால். பெங்களூருவில் 2015-ல் தொடங்கிய குவிஸிஸ், இப்போது வேகிரவுண்ட் என்ற பெயரில் இருக்கிறது. அதிலும் அட்டை தூக்கும் முறை வந்துவிட்டதால், பிளிக்கர்ஸ் பிடிக்காதவர்கள் முயலலாம். கூகுள் கிளாஸ்ரூம் மேல்நிலை வகுப்புக்குச் சரி. கேன்வாவில் பிறந்தநாள் வாழ்த்து அழகாக வரும்.

அட்டைகளைப் பற்றிக் கடைசியாக ஒன்று. வகுப்பு முடிந்ததும் எண்ணி வாங்குங்கள். உங்கள் வகுப்பு எண்ணிக்கைக்கு மேற்பட்ட எண்கள் சிலவற்றையும் அச்செடுத்து பீரோவில் வையுங்கள், வருஷ நடுவில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு வேண்டும். எப்படியும் ஒன்றிரண்டு வீட்டுக்குப் போய்விடும். எங்கள் 17-ஆம் எண் அட்டை ஒரு வாரம் காணாமல் போய், டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து சாம்பார்க் கறையோடு திரும்பி வந்தது. ஓரத்தில்தான் கறை. போனை நீட்டினேன், ஸ்கேன் ஆனது.